பொம்மை இன்ஜினுக்கு உண்மையான எண்: கால்க், கிம்ப், இங்க்ஸ்கேப் பழகுவோம்

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் என்னிடம் அடிக்கடி கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "படம் பார்க்கிறேன், பாட்டுக் கேட்கிறேன், ஆன்லைனில் கரண்ட் பில் கட்டுகிறேன். ஆனால் கட்டம் கட்டமாக ஒரு புரோகிராம் இருக்கிறதே, அது ஆபீஸுக்குத்தானே? வீட்டில் எதற்கு?" என்கிறார்கள்.

வீட்டுக் கணக்கு எழுதலாம் என்று சொன்னால் யாரும் இரண்டு நாளுக்கு மேல் எழுதுவதில்லை. பிடித்த வேலை ஒன்றைச் செய்துகொண்டே கற்றால்தான் மனதில் நிற்கும். எனக்குப் பிடித்தது ரயில். எனவே இந்தப் பாடத்தில் ஒரு வெளிநாட்டுப் பொம்மை நீராவி இன்ஜினை எடுத்து, நம் ஊர் மீட்டர் கேஜ் பாதையில் ஓடிய ஒய்பி வகை இன்ஜினாக மாற்றப் போகிறோம். அதற்கு மூன்று இலவசப் புரோகிராம்கள் போதும். அளவுக் கணக்குக்கு லிப்ரே ஆபீஸ் கால்க், போட்டோவில் அளப்பதற்குக் கிம்ப், வரைந்து பிரிண்ட் எடுப்பதற்கு இங்க்ஸ்கேப். மூன்றையும் அந்தந்தப் புரோகிராமின் சொந்த வெப்சைட்டிலிருந்து மட்டும் டவுன்லோட் செய்யுங்கள். தேடும்போது மேலே வரும் விளம்பர லிங்க்குகளைத் தொடாதீர்கள்.

முதலில் என் தவறு

நான் செய்த முதல் மாடலைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். கறுப்பு பெயின்ட் அடித்து, கேபின் பக்கத்தில் ஒரு எண்ணும், டெண்டரில் "எஸ்.டபிள்யூ.ஆர்." என்ற எழுத்துகளும் ஒட்டி, ஓசூரில் எங்கள் தெருவில் இருக்கும் ஓய்வு பெற்ற ரயில்வே ஊழியர் ஒருவரிடம் பெருமையாகக் காட்டினேன். நீராவி இன்ஜினில் ஃபயர்மேனாக இருந்தவர் அவர். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தார்.

"இது எந்த வருஷத்து வண்டி தம்பி?" என்றார்.

"எழுபதுகள்ல ஓடினது, அய்யா."

"அப்ப எஸ்.டபிள்யூ.ஆர். எங்கிருந்து வந்துச்சு? நாங்கல்லாம் சதர்ன் ரயில்வேல்ல!"

அவர் சொன்னதுதான் சரி. இன்று ஓசூர் ரயில் நிலையம் தென்மேற்கு ரயில்வேயின் பெங்களூரு கோட்டத்தில் இருக்கிறது. அதை வைத்து நான் எழுத்தைப் போட்டுவிட்டேன். ஆனால் தென்மேற்கு ரயில்வே செயல்படத் தொடங்கியது 2003இல். அதற்கு முன்பே எங்கள் பாதை மீட்டர் கேஜிலிருந்து அகலப் பாதையாகிவிட்டது. தெற்கு ரயில்வே உருவானது 1951 ஏப்ரல் 14இல். மெட்ராஸ் அண்ட் சதர்ன் மராட்டா ரயில்வே, தென்னிந்திய ரயில்வே, மைசூர் அரசு ரயில்வே ஆகிய மூன்றையும் சேர்த்து அதை உண்டாக்கினார்கள். ஆக, என் டெண்டரில் இருந்த மூன்று எழுத்துகளும் அந்த இன்ஜின் வாழ்ந்த காலத்தில் இல்லாதவை.

"சின்னப் பிள்ளைங்க பார்த்தா இப்படித்தான் இருந்துச்சுன்னு நெனச்சுக்குமே" என்று மட்டும் சொல்லி மாடலைத் திருப்பிக் கொடுத்தார். அன்று முதல் ஒரு பழக்கம் வைத்துக்கொண்டேன். ஒரே ஒரு இன்ஜின், ஒரே ஒரு வருடம் என்று முடிவு செய்த பிறகுதான் கத்தரிக்கோலை எடுப்பேன். மாடலில் வரும் ஒவ்வொரு அளவுக்கும் எழுத்துக்கும் "இது எங்கிருந்து கிடைத்தது?" என்பதைக் கம்ப்யூட்டரில் எழுதி வைப்பேன். இந்தப் பாடத்தின் சாரமே அதுதான். மற்றவை எல்லாம் மவுஸ் வேலை.

நாம் எடுத்துக்கொள்ளும் இன்ஜின்

ஒய்பி என்ற பெயரையே முதலில் புரிந்துகொள்வோம். இந்திய ரயில்வேயில் 'டபிள்யூ' என்றால் 1,676 மி.மீ. அகலப் பாதை. 'ஒய்' என்றால் 1,000 மி.மீ. மீட்டர் கேஜ். 'இசட்' என்றால் 762 மி.மீ. குறுகிய பாதை. அடுத்த எழுத்து வேலையைச் சொல்லும். 'பி' பயணிகள் வண்டி, 'ஜி' சரக்கு வண்டி. எனவே ஒய்பி என்பது மீட்டர் கேஜ் பயணிகள் வண்டி இன்ஜின்.

ஒய்பி வகையில் மொத்தம் 871 இன்ஜின்கள். முதல் 20 இன்ஜின்களை 1949இல் அமெரிக்காவின் பால்ட்வின் கம்பெனி செய்தது. பிறகு பிரிட்டனின் நார்த் பிரிட்டிஷும் ஜெர்மனியின் கிராஸ் மாஃபையும் செய்தன, மீதி 551ஐ ஜாம்ஷெட்பூரில் டெல்கோ. 1970இல் தயாரிப்பு முடிந்தது. சக்கர அமைப்பு 4-6-2. முன்னால் 4 சிறு சக்கரங்கள், நடுவில் 6 பெரிய ஓட்டுச் சக்கரங்கள், கேபினுக்குக் கீழே 2. இந்த அமைப்புக்குப் 'பசிபிக்' என்று பெயர். ஓட்டுச் சக்கரத்தின் விட்டம் 4 அடி 6 அங்குலம்.

நான் அடிப்படையாக எடுத்துக்கொண்டது பெங்களூருவில் பழைய விலைக்குக் கிடைத்த ஒரு ஐரோப்பிய 4-6-2 மாடல். அதன் மேல்கூடு உடைந்திருந்தது. ஆனால் அடிச்சட்டமும் மோட்டாரும் நன்றாக இருந்தன. நமக்கு வேண்டியதும் அவைதான்.

படி 1: ஃபோல்டரும் ஃபைல் பெயரும்

'டாக்குமெண்ட்ஸ்' ஃபோல்டரைத் திறந்து, காலி இடத்தில் ரைட் கிளிக் செய்து, 'நியூ' - 'ஃபோல்டர்' கொடுத்து "ஒய்பி மாடல்" என்று பெயரிடுங்கள். விண்டோஸில் ஃபைல், ஃபோல்டர் பெயர்களைத் தமிழிலேயே கொடுக்கலாம். அதற்குள் "போட்டோ", "வரைபடம்", "பிரிண்ட்" என்று மூன்று ஃபோல்டர்கள்.

கிடைக்கும் போட்டோக்களுக்கு "படம்1", "படம்2" என்று பெயர் வைக்காதீர்கள். வருடத்தை முதலில் போட்டு, "1974 இடது பக்கம்", "1981 முன்பக்கம்" என்று வையுங்கள். பெயர் வரிசையில் அடுக்கும்போது தானாகவே கால வரிசையும் வந்துவிடும். ஒரே இன்ஜினின் தோற்றம் வருடத்துக்கு வருடம் எப்படி மாறியது என்பது அப்போது கண்ணுக்குத் தெரியும். வருடம் தெரியாத படத்துக்கு "0000" என்று தொடங்குங்கள். அவை எல்லாம் மேலே ஒன்றாக நிற்கும். அவற்றை நம்பி எழுத்தோ எண்ணோ ஒட்டக் கூடாது என்பதும் மறக்காது.

படி 2: கால்க்கில் அளவுப் பட்டியல்

லிப்ரே ஆபீஸ் கால்க்கைத் திறங்கள். மேலே தெரியும் ஏ, பி, சி என்பவை பத்திகள். இடது பக்கம் 1, 2, 3 என்பவை வரிசைகள். பி பத்தியும் 4ஆம் வரிசையும் சேரும் கட்டத்துக்குப் பி4 என்று பெயர். (இந்தக் கட்டுரையில் தமிழில் அச்சிட்டிருக்கும் ஏ, பி, சி எழுத்துகளைக் கம்ப்யூட்டரில் ஆங்கிலத்தில் டைப் செய்யுங்கள்.)

ஏ1இல் "ஸ்கேல்" என்று எழுதி, பி1இல் 87 என்று போடுங்கள். உலகில் அதிகம் விற்கும் மாடல் ரயில்கள் 'ஹெச்ஓ' ஸ்கேலைச் சேர்ந்தவை. அதாவது நிஜத்தில் 87 மி.மீ. இருப்பது மாடலில் 1 மி.மீ.

இரண்டாம் வரிசையைக் காலியாக விடுங்கள். மூன்றாம் வரிசையில் தலைப்புகள்: ஏ3 "பாகம்", பி3 "நிஜ அளவு மி.மீ.", சி3 "மாடல் அளவு", டி3 "சான்று".

ஏ4இல் "ஓட்டுச் சக்கர விட்டம்" என்று எழுதுங்கள். நமக்குத் தெரிந்தது அடி, அங்குலம். 4 அடி 6 அங்குலம் என்றால் 54 அங்குலம். ஓர் அங்குலம் 25.4 மி.மீ. கால்குலேட்டரைத் தேட வேண்டாம். பி4இல்

=54*25.4

என்று டைப் செய்து என்டர் தட்டுங்கள். 1371.6 என்று வரும். தொடக்கத்தில் சமக்குறி இருந்தால்தான் கால்க் அதைக் கணக்காக எடுத்துக்கொள்ளும்.

ஏ5இல் "தண்டவாள இடைவெளி", பி5இல் 1000. இப்போது சி4இல்

=பி4/$பி$1

என்று அடியுங்கள். 15.8 அளவில் விடை வரும். அந்தக் கட்டத்தின் கீழ் வலது மூலையில் இருக்கும் சிறு சதுரத்தைப் பிடித்து ஒரு வரிசை கீழே இழுத்து விடுங்கள். சி5இல் 11.5 வந்துவிடும்.

டாலர் குறி எதற்கு? ஃபார்முலாவைக் கீழே இழுக்கும்போது கால்க் ஒவ்வொரு கட்டத்தின் எண்ணையும் ஒன்று கூட்டிக்கொண்டே போகும். பி4 என்பது பி5 ஆக வேண்டும், அது நமக்கு வசதி. ஆனால் ஸ்கேல் இருக்கும் பி1, பி2 ஆகிவிடக் கூடாது. டாலர் போட்டால் "இந்தக் கட்டத்தை விட்டு நகராதே" என்று பொருள். சந்தேகமிருந்தால் டாலர் இல்லாமல் ஒருமுறை செய்து பாருங்கள். சி5 காலியான பி2ஆல் வகுக்கப் பார்த்து, ஒரு பிழைச் செய்தியைக் காட்டும்.

படி 3: எண்கள் சொல்வதைக் கேளுங்கள்

அடுத்து கையில் இருக்கும் மாடலை அளக்க வேண்டும். இதற்கு வெர்னியர் காலிப்பர் தேவை. ஓசூர் சிப்காட்டில் வேலை பார்ப்பவர் யாராவது உங்கள் வீட்டிலோ பக்கத்து வீட்டிலோ இருந்தால் கவலையில்லை. சக்கரத்தை அளக்கும்போது ஓரத்தில் துருத்திக்கொண்டிருக்கும் விளிம்பைச் சேர்க்காதீர்கள். தண்டவாளத்தின் மேல் உட்காரும் பகுதியை மட்டும் அளவெடுங்கள். மாடல்களில் அந்த விளிம்பு நிஜத்தைவிடப் பெரிதாக இருக்கும்.

என் மாடலில் ஓட்டுச் சக்கரம் 22.5 மி.மீ., தண்டவாள இடைவெளி 16.5 மி.மீ. நமக்கு வேண்டியதோ 15.8, 11.5. இரண்டுமே பொருந்தவில்லை. "சரி, ஒய்பிக்கு இது ஆகாது" என்று மாடலை ஓரம் கட்ட இருந்தேன்.

பிறகு யோசித்துப் பார்த்தேன். 16.5 மி.மீ. என்பது உலகில் பெரும்பாலான நாடுகளில் இருக்கும் 1,435 மி.மீ. பாதையை 87ஆல் வகுத்தது. நம் பாதை 1,000 மி.மீ. இந்த 16.5ஐயே மீட்டர் கேஜ் என்று வைத்துக்கொண்டால் ஸ்கேல் என்ன ஆகும்? பி1இல் இருந்த 87ஐ அழித்துவிட்டு

=1000/16.5

என்று போட்டேன். ஸ்கேல் 60.6 ஆயிற்று. அடுத்த நொடியே கீழே எல்லா அளவும் தாமாக மாறின. தண்டவாளம் 16.5. சக்கரம் 22.6! என் காலிப்பர் காட்டிய 22.5க்கும் இதற்கும் 0.1 மி.மீ.தான் வித்தியாசம். அதாவது ஐரோப்பாவின் வேக வண்டி ஒன்றின் அடிச்சட்டம், கொஞ்சம் பெரிய ஸ்கேலில் நம் மீட்டர் கேஜ் இன்ஜினுக்கு அப்படியே உட்காருகிறது. மேல்கூட்டை மட்டும் 60.6 கணக்கில் பெரிதாகச் செய்தால் போதும்.

இது ஒன்றும் புதிய தந்திரம் அல்ல. நியூசிலாந்திலும் ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்திலும் பாதை 1,067 மி.மீ. அகலம். அங்குள்ள மாடல் பிரியர்கள் 64இல் 1 என்ற ஸ்கேலை எடுத்துக்கொண்டு, இதே 16.5 மி.மீ. தண்டவாளத்தில் தங்கள் ஊர் வண்டிகளை ஓட்டுகிறார்கள்.

ஒரு எச்சரிக்கை. சக்கரம் பொருந்தியதுமே துள்ளிக் குதிக்காதீர்கள். ஓட்டுச் சக்கரங்களின் மையத்துக்கு மையம் உள்ள தூரத்தையும், முன் சக்கரங்களுக்கும் ஓட்டுச் சக்கரங்களுக்கும் இடையிலான தூரத்தையும் வரைபடத்தோடு ஒப்பிடுங்கள். வித்தியாசம் இருந்தால் அதையும் ஒரு வரிசையாக எழுதி வையுங்கள். மறைக்க வேண்டியதில்லை.

படி 4: போட்டோவிலிருந்து அளவு எடுப்பது

எல்லா அளவும் வரைபடத்தில் கிடைக்காது. கேபின் ஜன்னல், தலைவிளக்கு, படிக்கட்டு போன்றவற்றைப் போட்டோவிலிருந்துதான் எடுக்க வேண்டும். அதற்குக் கிம்ப்.

சரியாகப் பக்கவாட்டில் எடுத்த போட்டோ ஒன்றைத் திறங்கள். சாய்வாக எடுத்த படம் உதவாது. அருகில் இருக்கும் சக்கரம் பெரிதாகவும் தூரத்தில் இருப்பது சிறிதாகவும் தெரியும். 'டூல்ஸ்' மெனுவில் 'மெஷர்' என்ற கருவியைத் தேர்ந்தெடுங்கள். ஷிஃப்ட் விசையை அழுத்திக்கொண்டு 'எம்' தட்டினாலும் வரும். ஓட்டுச் சக்கரத்தின் ஒரு ஓரத்தில் கிளிக் செய்து, மவுஸை விடாமல் மறு ஓரம் வரை இழுங்கள். எத்தனை பிக்ஸல் என்று திரையின் அடியில் தெரியும்.

உதாரணத்துக்கு, சக்கரம் 196 பிக்ஸல் என்று வைத்துக்கொள்வோம். நிஜத்தில் அது 1,372 மி.மீ. எனவே 1 பிக்ஸல் = 7 மி.மீ. ஜன்னல் அகலம் 70 பிக்ஸல் வந்தால், 70 x 7 = 490 மி.மீ. அதை 60.6ஆல் வகுத்தால் மாடலில் 8.1 மி.மீ. பள்ளிக்கூடத்தில் படித்த மும்முறை விதிதான் இது.

இங்கே இரண்டு விஷயங்களைக் கவனியுங்கள். முதலாவது, ஓட்டுச் சக்கரத்தைச் சுற்றி இருக்கும் இரும்பு வளையம் ஓடி ஓடித் தேயும். தேய்ந்ததைக் கடைந்து சீராக்குவார்கள். எனவே பழைய இன்ஜினின் சக்கரம் வரைபடத்தில் உள்ளதைவிடச் சில சென்டிமீட்டர் சிறிதாக இருக்கலாம். அச்சு மையத்துக்கு மையம் உள்ள தூரம் தேயாது. அது வரைபடத்தில் இருந்தால் அதையே அளவுகோலாகக் கொள்ளுங்கள். இரண்டாவது, இப்படிக் கிடைத்த அளவுக்கு டி பத்தியில் "போட்டோ 1974 இடது பக்கம்" என்று மறக்காமல் எழுதுங்கள். வரைபடத்தில் எடுத்ததற்கு "வரைபடம்", நேரில் அளந்ததற்கு "நேரில்", கண்மதிப்பில் போட்டதற்கு "ஊகம்". பட்டியல் முடிந்ததும் எத்தனை இடத்தில் "ஊகம்" இருக்கிறது என்று எண்ணிப் பாருங்கள். என் முதல் பட்டியலில் பாதிக்கு மேல் அதுதான்!

படி 5: நேரில் போய்ப் பார்ப்பது

கிருஷ்ணகிரி, ஓசூர்ப் பக்கம் இருப்பவர்களுக்கு 1979இல் திறக்கப்பட்ட மைசூரு ரயில் அருங்காட்சியகம் ஒரு நாளில் போய் வரக்கூடிய இடம். சென்னையில் பெரம்பூருக்கு அருகே ஐ.சி.எஃப். வளாகத்தில் ஒன்று இருக்கிறது. போகும்போது ஓர் அடி ஸ்கேல் எடுத்துச் செல்லுங்கள். இன்ஜினின் மேல் அதைச் சாய்த்து வைத்துப் போட்டோ எடுத்தால், பிறகு கிம்ப்பில் அந்த ஸ்கேலே உங்கள் அளவுகோல். செல்போனில் எடுக்கும்போது பக்கத்தில் நிற்காமல், பின்னால் தள்ளி நின்று ஜூம் செய்து எடுங்கள். ஓரங்கள் வளையாது.

ஆனால் காட்சிக்கு நிறுத்தியிருக்கும் இன்ஜினிடம் அளவை மட்டும் கேளுங்கள், நிறத்தைக் கேட்காதீர்கள். பல இடங்களில் பார்வைக்கு அழகாக இருக்கட்டும் என்று சிவப்பு, பச்சை, நீலம், வெள்ளிக் கோடு எல்லாம் அடித்திருப்பார்கள். அந்த இன்ஜின் ஓடிய காலத்தில் அப்படி இருந்திருக்க வேண்டும் என்பதில்லை. நிறத்துக்குச் சான்று அந்த வருடத்துக் கலர் போட்டோதான்.

ஓடும் நீராவி இன்ஜினைப் பார்க்க வேண்டுமானால் நீலகிரி மலை ரயில் இருக்கிறது. மேட்டுப்பாளையம் - குன்னூர் இடையே பற்சக்கரப் பாதையில் இன்றும் எக்ஸ் வகை இன்ஜின்கள் ஏறுகின்றன. 0-8-2 சக்கர அமைப்பு கொண்ட இந்த இன்ஜின்கள் முதலில் சுவிட்சர்லாந்தின் வின்டர்தூரில் செய்யப்பட்டவை. பிற்காலத்தில் திருச்சி பொன்மலைப் பணிமனையிலும் புதிதாகச் செய்தார்கள். இவற்றில் நிலக்கரியில் ஓடியவையும் உண்டு, எண்ணெயில் ஓடுபவையும் உண்டு. "எக்ஸ் வகை" என்று மட்டும் சொல்லி ஒரு மாடல் செய்தால் நிலக்கரி குவித்த இன்ஜினுக்கு எண்ணெய் இன்ஜினின் எண்ணை ஒட்டிவிடுவோம். ஒரு எண், ஒரு வருடம் என்று நான் வலியுறுத்துவது இதனால்தான்.

படி 6: இங்க்ஸ்கேப்பில் வரைவது

இங்க்ஸ்கேப்பைத் திறந்ததும் 'ஃபைல்' மெனுவில் 'டாக்குமெண்ட் ப்ராப்பர்ட்டீஸ்' போய், தாளை ஏ4 என்றும் அளவை மி.மீ. என்றும் மாற்றுங்கள். பிறகு 'எடிட்' - 'ப்ரிஃபரன்சஸ்' - 'டூல்ஸ்' பகுதியில் 'ஜியோமெட்ரிக் பவுண்டிங் பாக்ஸ்' என்பதைத் தேர்ந்தெடுங்கள். இதை விட்டுவிட்டால் கோட்டின் தடிமனையும் சேர்த்து அகலம் காட்டும். உங்கள் 8.1 மி.மீ. ஜன்னல் சிறுத்துப் போகும்.

'ஆர்' தட்டினால் செவ்வகக் கருவி. கேபின் பக்கத்துக்கு ஒரு செவ்வகம் இழுங்கள். 'எஸ்' தட்டி அதைத் தேர்ந்தெடுத்தால், மேலே டபிள்யூ, ஹெச் என்று இரண்டு பெட்டிகள் தெரியும். கால்க்கில் வந்த அகலத்தையும் உயரத்தையும் அங்கே அடியுங்கள். ஜன்னலுக்கு இன்னொரு செவ்வகம். இப்படியே டெண்டரின் பக்கங்களையும் வரையுங்கள்.

கொதிகலனுக்கு அட்டையை உருட்ட வேண்டும். சுற்றளவு = விட்டம் x 3.1416. மாடலில் விட்டம் 24.8 மி.மீ. என்று வந்தால் அட்டையின் அகலம் 77.9 மி.மீ. ஒட்டுவதற்கு 3 மி.மீ. கூடுதலாக விடுங்கள். இதையும் கால்க்கிலேயே ஒரு ஃபார்முலாவாகப் போட்டு வைக்கலாம்.

எண் எழுத 'டி' தட்டுங்கள். ஒய்பி இன்ஜின்களின் எண்கள் 2000இல் தொடங்கி 2870 வரை. அழகாக இருக்கிறது என்று 2999 போட்டுவிடாதீர்கள். போட்டோவில் தெளிவாகத் தெரியும் ஓர் எண்ணையே எடுத்துக்கொள்ளுங்கள். அது கேபினில் எந்த உயரத்தில் இருந்தது, எந்த மொழிகளில் எழுதியிருந்தது, டெண்டரில் ரயில்வேயின் பெயர் எப்படி இருந்தது என்பதையும் அதே போட்டோவில் பாருங்கள்.

நம் வீட்டு பிரிண்டரில் வெள்ளை மை கிடையாது. ஆகவே கறுப்பு இன்ஜினுக்கு வெள்ளை எண்ணைத் தனியாக அச்சிட முடியாது. கேபின் பக்கம் முழுவதையும் கறுப்பாக நிரப்பி, எழுத்தை மட்டும் வெள்ளையாக விடுங்கள். தாளின் வெண்மையே எழுத்தாகிவிடும். வெட்டிய பிறகு ஓரத்தில் தெரியும் வெள்ளைக் கோட்டைக் கறுப்பு ஸ்கெட்ச் பேனாவால் தடவினால் மறைந்துவிடும். இங்க்ஜெட் பிரிண்டர் என்றால் ஒட்டுவதற்கு முன் வார்னிஷ் ஸ்ப்ரே அடித்துக் காய விடுங்கள். இல்லாவிட்டால் பசை பட்டதும் மை கரைந்துவிடும்.

படி 7: பிரிண்ட் எடுக்கும் முன்

இங்கேதான் நான் இரண்டாவது முறை ஏமாந்தேன். எல்லா அளவும் சரி, வரைந்ததும் சரி. ஒட்டிப் பார்த்தால் கேபின் அடிச்சட்டத்தைவிடக் குட்டையாக இருந்தது. காரணம், பிரிண்ட் கொடுக்கும் விண்டோவில் 'ஃபிட்' என்று தேர்வாகி இருந்தது. தாளின் ஓரத்தில் இடம் விடுவதற்காகப் படம் முழுவதையும் சத்தமில்லாமல் சுருக்கிவிட்டது. 100 மி.மீ. கோடு 94 மி.மீ.தான் வந்தது.

அன்றிலிருந்து ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் 100 மி.மீ. நீளக் கோடு ஒன்றை வரைந்து வைக்கிறேன். ஃபைலை பிடிஎஃப் ஆகச் சேவ் செய்து, பிரிண்ட் விண்டோவில் 'ஆக்சுவல் சைஸ்' அல்லது 100 சதவீதம் என்பதைத் தேர்ந்தெடுங்கள். முதலில் சாதாரணத் தாளில் ஒரு பிரதி எடுத்து, அந்தக் கோட்டை ஸ்கேலால் அளங்கள். சரியாக இருந்தால் மட்டும் அட்டையைச் செருகுங்கள். ஒரு தாள் போகும், அட்டை தப்பிக்கும்.

புகைபோக்கி போன்ற உருண்டையான பாகங்களை அட்டையில் செய்வது சிரமம். ஓசூரில் லேத் பட்டறைகளுக்குப் பஞ்சமில்லை. என் வரைபடத்தை ஒரு பட்டறையில் கொடுத்தபோது அங்கிருந்தவர் வாங்கிப் பார்த்துவிட்டுக் கேட்ட முதல் கேள்வி, "டாலரன்ஸ் எவ்வளவு சார்?" பொம்மைக்கா என்று சிரிக்கவில்லை. 0.1 என்றேன். பித்தளையில் கடைந்து கொடுத்தார். சரியாக உட்கார்ந்தது.

பயிற்சி

கால்க்கில் நீங்களே போட்டுப் பாருங்கள்.

1. ஒய்ஜி என்ற மீட்டர் கேஜ் சரக்கு இன்ஜினின் ஓட்டுச் சக்கரம் 4 அடி. 60.6 ஸ்கேலில் எவ்வளவு? (விடை: 20.1 மி.மீ.)

2. டபிள்யூஜி என்ற அகலப் பாதை சரக்கு இன்ஜினின் சக்கரம் 5 அடி ஒன்றரை அங்குலம். 16.5 மி.மீ. தண்டவாளத்தையே அகலப் பாதை என்று கொண்டால் ஸ்கேல் என்ன, சக்கரம் என்ன? (விடை: ஸ்கேல் 101.6, சக்கரம் 15.4 மி.மீ.)

3. கடைகளில் கிடைக்கும் 'என் கேஜ்' மாடல்களின் தண்டவாளம் 9 மி.மீ. அதை 762 மி.மீ. குறுகிய பாதை என்று கொண்டால் ஸ்கேல் என்ன? (விடை: 84.7. அதாவது ஹெச்ஓவின் 87க்கு மிக அருகில்.)

மூன்றாவது கணக்கை நான் சும்மா கொடுக்கவில்லை. இன்று ஓசூர் வழியாகப் போகும் அகலப் பாதைக்கு முன்பும், மீட்டர் கேஜுக்கு முன்பும், இதே ஊருக்கு 762 மி.மீ. குறுகிய பாதை ஒன்று வந்தது. மொரப்பூரிலிருந்து தர்மபுரிக்கு 1906இல் போட்டதை 1913இல் ஓசூர் வரை நீட்டினார்கள். இரண்டாம் உலகப் போரின்போது, 1941இல் மூடிவிட்டார்கள். பக்கத்திலேயே திருப்பத்தூர் - கிருஷ்ணகிரி இடையே 1905இல் வந்த இன்னொரு குறுகிய பாதையும் இதேபோல் மறைந்தது. ஓர் 'என் கேஜ்' அடிச்சட்டம் கிடைத்தால், பி1 என்ற ஒரே கட்டத்தை மாற்றி அந்தக் காலத்து ரயிலையும் நம் மேஜையில் ஓட விடலாம். என் அடுத்த வேலை அதுதான். அந்தப் பட்டியலில் "சான்று" பத்தி நிறையும் வரை அட்டையை வெட்டுவதாக இல்லை.

ஒய்பி மாடலைத் திருத்தி முடித்ததும் மறுபடியும் அந்தப் பெரியவரிடம் கொண்டுபோனேன். டெண்டரில் "எஸ்.ஆர்." மட்டும் இருந்தது. வெகு நேரம் பார்த்துவிட்டு, "வெயில் காலத்துல கேபின் ஓரமா தார்ப்பாய் கட்டுவோம் தம்பி. அனல் ஒரு பக்கம், வெயில் ஒரு பக்கம், நிக்க முடியாது" என்றார். எந்தப் போட்டோவிலும் நான் அதைக் கவனித்ததில்லை. வீட்டுக்கு வந்து கால்க்கில் ஒரு வரிசை சேர்த்தேன். பாகம்: தார்ப்பாய். சான்று: ஃபயர்மேன் நேரில் சொன்னது. பக்கத்தில் அன்றைய தேதியையும் போட்டேன்.

உங்கள் தெருவிலும் இப்படி ஒருவர் இருக்கக்கூடும். கம்ப்யூட்டரை ஆன் செய்வதற்கு முன் அவரிடம் போய்ப் பேசுங்கள். பேசிவிட்டு வந்து பட்டியலில் எழுதி, கன்ட்ரோல் + எஸ் கொடுத்துச் சேவ் செய்யுங்கள். ஃபோல்டரை அப்படியே ஒரு பென் டிரைவிலும் காப்பி செய்து வையுங்கள். மாடல் உடைந்தால் மறுபடி செய்துகொள்ளலாம். இந்தப் பட்டியல் தொலைந்தால் மறுபடி கிடைக்காது.